மீன் பிடிக்க பைபர் போட்டு (கண்ணாடியிழைப் படகு) சொந்தமா எடுக்கலாமா? முடிவு பண்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது எல்லாம், வரிசையா

வேதாரண்யம் பக்கத்துல கடற்கரை ஊரு எங்களுது. பதினோரு வருஷம் அடுத்தவங்க போட்டுல பங்குக்குப் போயிருக்கேன், அப்புறம் சொந்தமா ஒன்னு எடுத்து இன்னைக்கு வரைக்கும் ஓட்டிக்கிட்டு இருக்கேன். வருஷத்துக்கு ரெண்டு மூணு தம்பிங்களாவது வந்து "அண்ணே, சொந்தமா போட்டு எடுக்கலாம்னு இருக்கேன், கட்டுபடியாகுமா"ன்னு கேப்பாங்க. அவங்களுக்கு வாயால சொல்லிச் சொல்லிப் பழகினதைத்தான் இங்க எழுதி வைக்கிறேன்.

கேக்குறவங்க பெரும்பாலும் ஒரே இடத்துலதான் தடுக்கி விழறாங்க. மொதல்ல போட்டைப் பாத்து விலை பேசுறாங்க, அப்புறம் வலை வாங்குறாங்க, அப்புறம் ஆள் தேடுறாங்க, கடன் கழுத்தைப் பிடிக்கும்போதுதான் கணக்கு நோட்டை எடுக்குறாங்க. இந்த வரிசையை மாத்திப் போடணும். மொதல்ல நோட்டு, அடுத்து வலை, அடுத்து ஆளு, அப்புறம் கணக்கு, கடன். போட்டு கடைசி.

நான் சொல்றது 28-ல இருந்து 32 அடி வரைக்கும் உள்ள பைபர் போட்டு, 10 எச்பி கிட்ட டீசல் இன்ஜின், நாலு பேர் போயி அன்னைக்கோ மறுநாள் காலையிலயோ திரும்புற தொழிலுக்கு மட்டும். லாஞ்சு, அதாவது பெரிய விசைப்படகு, அதோட கணக்கு முழுசா வேற, அதுக்கு இதைப் பொருத்திப் பாக்காதீங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஒரு நீள நோட்டு. உங்க ஊர்லயே அஞ்சு வருஷத்துக்கு மேல சொந்தத் தொழில் ஓட்டுற ரெண்டு பேரோட பழக்கம், ஒருத்தர் மட்டும் போதாது, ஏன்னா ஒருத்தரோட நல்ல வருஷமும் கெட்ட வருஷமும் அவரு கையோட ராசியா கடலோட நிலையான்னு பிரிச்சுத் தெரியாது. மீனவர் கூட்டுறவு சங்கத்துல உறுப்பினர் அட்டை. கரையில போட்டை ஏத்தி வைக்க ஊர் ஒத்துக்கிட்ட ஒரு இடம்.

இந்தக் கடைசி விஷயத்தை வெளியூர்ல இருந்து வந்து தொழில் பண்ண நெனைக்கிறவங்க மறந்துடுறாங்க. எந்த நாள் போகலாம், எந்த வலை போடலாம், எங்க ஏலம் விடணும்னு ஊர் பஞ்சாயத்து வச்ச கட்டுப்பாடு எல்லா ஊர்லயும் இருக்கு. அதை மொதல்ல போய்க் கேளுங்க, பணம் கட்டுனதுக்கப்புறம் கேட்டா பதில் எதுவா இருந்தாலும் நீங்க ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

1. ஒரு வருஷம் நோட்டு எழுதுங்க

இப்ப எந்தப் போட்டுல பங்குக்குப் போறீங்களோ அந்தப் போட்டோட கணக்கை ஒரு நாள் விடாம எழுதுங்க. தேதி, கிளம்புன நேரம், திரும்புன நேரம், எத்தனை லிட்டர் டீசல், எத்தனை ஐஸ், என்ன மீன், எவ்ளோ ஏலம் போச்சு, வலையில எவ்ளோ கிழிஞ்சுச்சு. போகாத நாளையும் எழுதணும், ஏன் போகலன்னு காரணத்தோட.

ஏன் ஒரு வருஷம்னா, எங்க பக்கம் ஒரு மாசத்தைப் பாத்து இன்னொரு மாசத்தைச் சொல்லவே முடியாது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லாஞ்சுக்கு மீன்பிடி தடைக்காலம், நாட்டுப்படகும் பைபரும் போகலாம். லாஞ்சு மீன் வராததால அந்த ரெண்டு மாசம் நம்ம மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். வளைகுடா நாட்டுல இருந்து லீவுக்கு வர்ற பசங்க சரியா மே மாசம் கரையில நின்னு ஏலத்தைப் பாத்துட்டு, அதை 12-ஆல பெருக்கிடுறாங்க. ஜூன் 15-க்கு அப்புறம் லாஞ்சு எறங்குனதும் அதே சங்கரா, அதே கிழங்கான் என்ன விலைக்குப் போகுதுன்னு பாக்க அவங்க இங்க இருக்கிறதில்ல.

2. போற நாளை எண்ணுங்க, இதுதான் அடித்தளம்

வருஷத்துக்கு 365 நாள்ல எத்தனை நாள் வலை தண்ணியில எறங்குது? புதுசா வர்றவங்ககிட்ட கேட்டா "ஒரு 250 நாள் இருக்கும்ணே"ன்னு சொல்வாங்க. என் நோட்டுல நல்ல வருஷம்னு நான் நெனைக்கிற வருஷத்துலயே 170-ஐத் தாண்டல.

கழிச்சுக்கிட்டே வாங்க. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்தும் புயல் எச்சரிக்கையும், மீன்வளத்துறை போகக்கூடாதுன்னு சொன்னா கடலுக்குப் போற அனுமதி டோக்கனும் கிடையாது. ஆனி ஆடியில கச்சான் காத்து (மேக்குக் காத்து) வலுத்தா நம்ம சைஸ் போட்டு வெளியில தாங்காது. வழிவலை, அதாவது நீரோட்டத்தோட மிதக்க விடுற வலை, போடுறவங்களுக்கு பௌர்ணமியை ஒட்டி நாலஞ்சு நாள், நிலா வெளிச்சத்துல வலை மீனுக்குத் தெரிஞ்சுடும். ஊர்ல ஒரு சாவு விழுந்தா அன்னைக்குக் கடல் கிடையாது. கோயில் திருவிழா. இன்ஜின் ரிப்பேர். ஆள் வராத நாள். இதெல்லாம் போக மிச்சம் என்னவோ அதுதான் உங்க வருஷம்.

இந்த எண்ணை ஏன் மொதல்ல பிடிக்கணும்னா, போட்டுக்கு ஆகுற செலவுல கிட்டத்தட்ட பாதி நீங்க கடலுக்குப் போனாலும் போகலன்னாலும் ஓடிக்கிட்டே இருக்கும். நாள் குறைஞ்சா அதே சுமையைக் கொஞ்ச நாள் சேந்து தூக்கணும். எப்படின்னு 5-வதுல எண்ணு போட்டுக் காட்டுறேன்.

3. எந்த மீன், எந்த வலைன்னு முடிவு பண்ணுங்க

போட்டு சும்மா வண்டி மாதிரி, சம்பாதிக்கிறது வலைதான். நண்டு வலைக்கு எறங்குறீங்களா, இறாலுக்கு டிஸ்கோ வலையா (மூணு அடுக்கு வலை), வஞ்சிரத்துக்கு வழிவலையா, மத்தி கானாங்கெளுத்தி வலையா, கோலாவுக்கா, தூண்டிலான்னு தெரிஞ்சாத்தான் போட்டு எவ்ளோ நீளம், இன்ஜின் எவ்ளோ, ஐஸ் பெட்டி எவ்ளோ பெருசுன்னு சொல்ல முடியும். வழிவலைக்குத் தூரம் போகணும், ராத்திரி தங்கணும், டீசல் கூட. நண்டுக்குக் கிட்டத்துலயே வேலை, ஆனா கரையில வேலை அதிகம்.

ஒரே வலையை நம்பி வருஷம் பூரா ஓட்ட முடியாது. எங்க பக்கம் கொறஞ்சது ரெண்டு செட்டு வச்சிருந்தாத்தான் சீசன் மாறும்போது போட்டு கரையில கிடக்காது. இங்கதான் புதுசா வர்றவங்க பட்ஜெட் உடையுது.

வலைக்கடையில விலை கேட்டுட்டு வந்து அதுதான் வலைச் செலவுன்னு எழுதுவாங்க. கடையில கிடைக்கிறது வெறும் வலைத்துணி. அதுக்கு மேல்கயிறு, கீழ்கயிறு, மிதவை, ஈயம், கொடி கட்டுற மூங்கில், இதெல்லாம் கோத்துக் கட்டுற கூலி தனி. எல்லாம் சேந்து கடைவிலையைவிட எங்கயோ போய் நிக்கும், அதனால கட்டி முடிச்ச ஒரு வலைக்கு என்ன ஆச்சுன்னு கட்டினவங்ககிட்டயே கேளுங்க.

நண்டு வலை எப்படித் தேயுதுன்னு ஒருநாள் கரையில உக்காந்து பாத்துட்டு வாங்க. காலையில வலையை மணல்ல குவிச்சுப் போட்டு நாலு பொம்பளைங்க சுத்தி உக்காந்து நண்டு கழட்டுவாங்க. தங்கூசி நைலான் நூல்ல கொடுக்கு நாலா பக்கமும் சுத்திக்கிட்டு இருக்கும், காலு ஒடிஞ்சா விலை போயிடும்னு மெதுவா ஒவ்வொரு கண்ணியா தள்ளி எடுப்பாங்க, எடுக்க வராத இடத்துல கண்ணியை அறுத்துத்தான் ஆகணும். ஒரு நண்டுக்கு ரெண்டு கண்ணி போனாலும் ஒரு சீசன் முடியும்போது அது வலையா இருக்காது, ஓட்டையா இருக்கும். கழட்டுறவங்களுக்குக் கூலியும் உண்டு, அதை உங்க நோட்டுல ஒரு வரி தனியா ஒதுக்கி எழுதுங்க.

ராத்திரி போட்ட வலை மேல லாஞ்சு மடியை (இழுவலையை) இழுத்துக்கிட்டுப் போனா மொத்தமா போச்சு. சட்டப்படி கரையை ஒட்டின கடல்ல விசைப்படகு தொழில் பண்ணக்கூடாது, ஆனா இருட்டுல யார் போட்டுன்னு தெரியாம யாருகிட்ட போய் நியாயம் கேக்குறது. அதனால வலையில ஒரு பங்கு வருஷா வருஷம் காணாமப் போகும்னு வச்சே எழுதுங்க.

4. ஆள் உறுதியானப்புறம்தான் அடுத்தது

போட்டு இருக்கு, வலை இருக்கு, வர்றதுக்கு ஆள் இல்லாம வாரக்கணக்குல மணல்ல கவுந்து கிடக்குற போட்டு எங்க ஊர்லயே இருக்கு. இளந்தாரிங்க வெளிநாட்டுக்கும் கட்டட வேலைக்கும் போயிட்டாங்க, இருக்குற நல்ல ஆளுங்க ஏற்கெனவே யாரோ ஒருத்தர்கிட்ட முன்பணம் வாங்கி இருப்பாங்க.

முன்பணம் பத்தி தெளிவா இருங்க. அது சம்பளம் கிடையாது, கடன்னு பேரு, ஆனா திரும்பி வர்றது அவரு வேற போட்டுக்கு மாறும்போது அந்த மொதலாளி கட்டினாத்தான். ஆளுக்கு 50,000-னா மூணு பேருக்கு ஒன்றரை லட்சம் உங்க கையை விட்டுப் போயி நிக்கும். போட்டு விலை, வலை விலை மாதிரி இதுவும் முதலீடுதான், யாரும் இதை எழுதுறதே இல்ல.

பங்கு எப்படிப் பிரிக்கிறதுன்னு ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். எங்ககிட்ட செலவு எடுத்துட்டு மிச்சத்துல பாதி போட்டுக்கும் வலைக்கும், பாதி போன ஆளுங்களுக்கு. நீங்களும் கடலுக்குப் போனீங்கன்னா உங்களுக்கு ஆள் பங்கு தனியா ஒன்னு. கிழிஞ்ச வலை யாரு கணக்கு, டீசல் கடன் நின்னா யாரு கணக்கு, வீட்டுக்குக் கறிமீன் எவ்ளோ எடுக்கலாம், இதெல்லாம் எறங்குறதுக்கு முன்னாடியே நாலு பேரையும் உக்கார வச்சுப் பேசிடுங்க. மீன் பாடு இல்லாத மாசத்துல பேச ஆரம்பிச்சா அது சண்டையிலதான் முடியும்.

நீங்க கரையில இருந்துக்கிட்டு ஆள வச்சு ஓட்டுற யோசனைன்னா என் பதில் வேணாம்தான். எத்தனை மணி நேரம் இன்ஜின் ஓடுச்சு, வலை எப்படிக் கிழிஞ்சுது, ஏன் சீக்கிரம் திரும்புனாங்கன்னு எதுவும் உங்களுக்குத் தெரியாது. கடலுக்குப் போற அண்ணனோ தம்பியோ உங்க வீட்டுல இருந்தா அது வேற.

5. கணக்கு: ஆள் பங்கையும் போட்டுப் பங்கையும் பிரிச்சுப் போடுங்க

இந்த ஒரு பகுதிக்காகத்தான் இவ்ளோ எழுதுறேன். இதுல வர்ற விலையெல்லாம் வழி காட்டுறதுக்கு நான் எடுத்துக்கிட்ட எண்ணு, உங்க நோட்டுல இருக்கிற எண்ணை வச்சு நீங்களே மாத்திப் போட்டுக்கோங்க.

முதலீடு: போட்டு 3,00,000. இன்ஜின் 1,20,000. ரெண்டு செட்டு வலை 2,50,000. நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி, ஜிபிஎஸ், லைஃப் ஜாக்கெட் 50,000. ஆள் முன்பணம் 1,50,000. மொத்தம் 8,70,000.

வரவு: வெறுங்கையோட வந்த நாளையும் சேத்து சராசரி ஒரு நாளைக்கு ஏலம் 8,500-னு வைங்க. டீசல், ஐஸ், சாப்பாடு, ஏலக் கழிவு, கரையில ஏத்துற டிராக்டர் கூலி எல்லாம் சேத்து 2,700. மிச்சம் 5,800. 160 நாளுக்கு 9,28,000. இதுல பாதி 4,64,000 போட்டுக்கு. மீதிப் பாதியை நாலு பேர் பிரிச்சா ஆளுக்கு 1,16,000.

புதுசா எடுத்தவங்க செய்யற தப்பு இங்க இருக்கு. 4,64,000-ஐயும் தன்னோட 1,16,000-ஐயும் கூட்டி "5,80,000 சம்பாதிச்சேன்"ன்னு சொல்லுவாங்க. அந்த 1,16,000 உங்க உடம்பு உழைச்ச கூலி, அது அடுத்தவங்க போட்டுல போயிருந்தாலும் உங்களுக்கு வந்திருக்கும், ஒரு பைசா முதல் போடாம வந்திருக்கும். அதைத் தனியா எடுத்து வச்சுட்டு, போட்டுப் பங்கு மட்டும் போட்டோட செலவைத் தாங்குதான்னு பாருங்க.

போட்டுப் பங்குல இருந்து போக வேண்டியது: வலை ரெண்டு வருஷத்துல புதுசா மாத்தணும், அப்ப வருஷத்துக்கு 1,25,000. வலை பின்னுற கூலி 30,000. இன்ஜின் சர்வீஸ் 30,000. உப்புத்தண்ணியில இன்ஜின் நாலு வருஷம்னா அதுக்கு ஒதுக்க 30,000. போட்டு பத்து வருஷம்னா 30,000. பைபர் ஒட்டுற வேலை, பெயின்ட் 15,000. இன்சூரன்ஸ், லைசென்ஸ் 10,000. 8,70,000-க்கு 12 சதவீதம் வட்டி 1,04,400, சொந்தப் பணமா இருந்தாலும் இதை எழுதணும், ஏன்னா அந்தப் பணம் வேற எங்கயாவது இருந்தா அதுவும் ஏதாவது குடுத்திருக்கும். கூட்டினா 3,74,400.

4,64,000-ல இருந்து கழிச்சா மிச்சம் 89,600. போட்டு உங்களுக்கு உண்மையா சம்பாதிச்சுக் குடுத்தது இவ்ளோதான்.

இப்ப நாளை மட்டும் 160-ல இருந்து 130-க்குக் குறைங்க. ஒரு புயல் மாசம், ஒரு இன்ஜின் ரிப்பேர் போதும் 30 நாள் போறதுக்கு. 5,800 பெருக்கல் 130, அதுல பாதி 3,77,000. மேல சொன்ன செலவு அப்படியே நிக்கும். மிச்சம் 2,600 ரூபா. நாள் அப்படியே 160 இருந்து ஏலம் மட்டும் சராசரி 1,000 ரூபா குறைஞ்சாலும் மிச்சம் 9,600-தான்.

உங்க நோட்டு எண்ணை வச்சு இந்த மூணு கணக்கையும் போடுங்க: நல்ல வருஷம், 30 நாள் குறைஞ்ச வருஷம், விலை குறைஞ்ச வருஷம். மூணுலயும் மிச்சம் நின்னா எடுங்க. நல்ல வருஷத்துல மட்டும் நிக்குதுன்னா, கைவசம் ஒரு வருஷச் செலவுக்குப் பணம் இருந்தா யோசிங்க. நல்ல வருஷத்துலயே நிக்கலன்னா பங்குக்குப் போறதுதான் உங்களுக்கு லாபம், அதுல ஒரு குறைச்சலும் இல்ல.

6. கடன் எங்க வாங்குறீங்கன்னு அப்புறம் பாருங்க

கணக்கு முடிஞ்சப்புறம்தான் கடன், ஏன்னா யாருகிட்ட வாங்குறீங்கங்கிறதே அந்தக் கணக்கை மாத்திடும்.

மீன் வியாபாரிகிட்ட வாங்குறது ரொம்ப லேசு, பேப்பர் கேக்க மாட்டாரு, வட்டியும் பல நேரம் கிடையாது. பதிலுக்கு மீனை அவருக்கே குடுக்கணும், விலை அவரு சொல்றது. வெளி ஏலத்தைவிட 5 சதவீதம் குறைச்சுப் போட்டா 8,500-க்கு 425 ரூபா, 160 நாளுக்கு 68,000. வட்டி இல்லாத கடன்னு நெனைச்சதோட வட்டி இதுதான். இதுல பாதி உங்க ஆளுங்க பங்குல இருந்தும் போகுது, அவங்களும் கணக்குத் தெரிஞ்சவங்க, அடுத்த சீசனுக்கு வேற போட்டுக்குப் போயிடுவாங்க.

மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு 2018-19-ல இருந்து உண்டு. அது டீசல், ஐஸ், வலை பின்னுறது மாதிரி ஓட்டுற செலவுக்குத்தான், போட்டு வாங்குறதுக்கு இல்ல. நாள் தவறாம கட்டுனா வட்டி 4 சதவீதம் அளவுக்கு எறங்கும், அதனால போட்டு எடுக்குறதுக்கு முன்னாடியே இதுக்கு எழுதிப் போடுங்க.

பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டம் மாதிரி அரசுத் திட்டத்துல பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் 60 சதவீதம்னு மானியம் இருக்கு. வந்தா நல்லது. ஆனா அது கைக்கு வர்றதுக்கு முன்னாடி கணக்குல சேக்காதீங்க, மானியத்தை நம்பி மீட்டர் வட்டிக்கு எடுத்தவங்க வட்டி கட்டியே மானியத்தைத் தின்னுருக்காங்க.

7. இப்ப போட்டைப் பாக்கப் போங்க

மொதல் போட்டு பழசா இருக்கலாம், ஆனா பாக்கத் தெரியணும், தெரியலன்னா பைபர் வேலை பாக்குற மேஸ்திரி ஒருத்தரைக் கூலி குடுத்துக் கூட்டிட்டுப் போங்க. புதுசா பெயின்ட் அடிச்சு வச்சிருந்தா சந்தேகம் கூடணும்.

கையில ஒரு அஞ்சு ரூபா காசு எடுத்துக்கோங்க. அணியத்துல (போட்டோட முன்பக்கம்) ஆரம்பிச்சு அடிப்பக்கம் பூரா ஒரு ஜாண் விட்டு ஒரு ஜாண் தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இடத்துல "டக் டக்"னு கெட்டியா சத்தம் வரும். உள்ளுக்குள்ள அடுக்கு பிரிஞ்ச இடத்துல "பொத் பொத்"துன்னு காலியா கேக்கும். அந்த இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. கரையில இழுத்து இழுத்து அடிபடுற நடு அடியிலயும் அலையில குத்துற அணியத்துக்குக் கீழயும் வட்டம் நிறைய விழுந்தா வேணாம்னு வந்துடுங்க. ரெண்டு மூணு வட்டம்னா ஒட்டிக்கலாம், விலையில குறைங்க.

அப்புறம் இன்ஜின் உக்காருற இடம். பைபருக்குள்ள பலகை வச்சு மூடியிருப்பாங்க, போல்ட்டு ஓட்டை வழியா தண்ணி எறங்கி உள்ள பலகை மக்கிப்போயிருக்கும், வெளியில ஒன்னும் தெரியாது. போல்ட்டு ஒன்னைக் கழட்டச் சொல்லி அந்த ஓட்டைக்குள்ள ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்துங்க. ஈரமா தூள் வந்தா உள்ள மரமே இல்லன்னு அர்த்தம்.

இன்ஜினை நீங்க போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்கக்கூடாதுன்னு சொல்லிடுங்க, ஆறின இன்ஜின்தான் உண்மை பேசும். ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்க. பால் ஊத்துன காப்பி நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு. நான் எடுத்த மொதல் இன்ஜின்ல இதைப் பாக்காம விட்டேன், சூடான இன்ஜினை ஓட்டிக் காட்டுனாங்க, நல்லாத்தான் ஓடுச்சு, மூணாவது வாரம் கடலுக்குள்ள நின்னுபோயி பக்கத்துப் போட்டு கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. ஒன்றரை மாசம் தொழில் போச்சு, அதுவும் நல்ல சீசன்ல.

கடைசியா கடல்ல எறக்கி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. எறங்கும்போது உள்ள காஞ்சு இருக்கணும், திரும்பும்போது எவ்ளோ தண்ணி ஏறியிருக்குன்னு பாருங்க. டீசலை அளந்து ஊத்திட்டுப் போனா மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்குதுங்கிறதும் தெரிஞ்சுடும், 10 எச்பி டீசலுக்கு ரெண்டரை லிட்டருக்கு மேல போனா கேள்வி கேளுங்க.

8. பேப்பர் சரியா இல்லன்னா போட்டு எவ்ளோ நல்லா இருந்தாலும் வேணாம்

பதிவு நம்பர், போட்டு மேல எழுதியிருக்கிறதும் புத்தகத்துல இருக்கிறதும் ஒன்னா? விக்கிறவரு பேர்லதான் இருக்கா? இன்ஜின் நம்பர் ஒத்துப்போகுதா? சங்கத்துலயோ வங்கியிலயோ இந்தப் போட்டு மேல கடன் நிக்குதா? ஊர்ல வரி பாக்கி இருக்கா? எல்லாத்தையும் மீன்வளத்துறை ஆபீஸ்லயும் சங்கத்துலயும் நேர்ல போய்க் கேட்டுட்டுத்தான் அட்வான்ஸ் குடுக்கணும்.

பதிவு இல்லாத போட்டுக்கு மானிய எரிபொருள் கிடையாது. 2018 நவம்பர் 16 கஜா புயல் எங்க கரையில ஏறினப்ப போட்டெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி நொறுங்கிக் கிடந்துச்சு, கணக்கெடுக்க வந்தவங்க எங்ககிட்ட மொதல்ல கேட்டது பதிவு நம்பரைத்தான். புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வீட்டுலயே உயரமான இடத்துல வைங்க, போன்லயும் போட்டோ எடுத்து வைங்க.

உங்க ஆளுங்க எல்லாரும் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டுல இருக்காங்களான்னு பாருங்க. நாம பிரீமியம் கட்ட வேண்டியதில்ல, உயிர் போனாலோ முழுசா முடமானாலோ குடும்பத்துக்கு 5 லட்சம். போட்டுக்கு இன்சூரன்ஸ் தனி, அது எதுக்கெல்லாம் செல்லும், கரையில கட்டி இருக்கும்போது உடைஞ்சா செல்லுமான்னு வாசிச்சுக் கேட்டு வாங்குங்க.

எங்க கடல்ல இன்னொன்னு. கோடியக்கரைக்கு நேரா போனா இலங்கை எல்லை கிட்டத்துலதான். ராத்திரி நீரோட்டத்துல வலையோட போட்டு இழுபட்டுப் போகும். அந்தப் பக்கம் போட்டு பிடிபட்டா ஆள் திரும்பி வந்தாலும் போட்டு திரும்புறது அபூர்வம், 2018-ல அவங்க சட்டத்துல அபராதத்தையும் பல மடங்கு ஏத்திட்டாங்க. நடுக்கடல்ல கொள்ளைக்காரங்க வந்து வலை, ஜிபிஎஸ், போன் எல்லாம் பிடுங்கிட்டு அடிச்சு அனுப்புறதும் நம்ம பசங்களுக்குத் திரும்பத் திரும்ப நடக்குது. அதனால ஜிபிஎஸ்-ல எல்லைக்கு ரொம்ப முன்னாடியே அலாரம் வைங்க, கடலோரக் காவல்படை நம்பர் 1554 நாலு பேர் போன்லயும் இருக்கட்டும். எல்லை ஓரம் போனாத்தான் கட்டுபடியாகும்னு உங்க கணக்கு சொல்லுச்சுன்னா, கட்டுபடியாகலன்னே எடுத்துக்கோங்க தம்பி.

9. முழுசா எடுக்குறதுக்கு முன்னாடி பாதி எடுத்துப் பாருங்க

முடிஞ்சா ஒரு சீசன் கூட்டுல எறங்குங்க. வலை உங்களுது, போட்டு வேற ஒருத்தருதுன்னு பேசி வலைப் பங்கு வாங்குறது ஒரு வழி, ரெண்டு பேர் சேந்து ஒரு போட்டு எடுக்கறது இன்னொரு வழி. கோடியக்கரையில அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் வெளியூர்க்காரங்க வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் பண்ணுவாங்க, அங்க இந்த மாதிரி கூட்டு அமையறது சுலபம்.

கூட்டுன்னா அண்ணன் தம்பியா இருந்தாலும் வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. யாரு எவ்ளோ போட்டது, ஒருத்தர் விலகுனா போட்டுக்கு என்ன விலை வைக்கிறது, இன்ஜின் போனா யாரு காசு. எழுதாம எறங்கிப் பேச்சுவார்த்தை அத்துப்போன அண்ணன் தம்பிங்களை எனக்குத் தெரியும், போட்டை வித்துட்டாங்க, பேசுறது இன்னும் இல்ல.

10. எடுத்தப்புறமும் நோட்டை மூடாதீங்க, எப்ப விடணும்னு அதுதான் சொல்லும்

வலைக்கும் இன்ஜினுக்கும் ஒதுக்குன பணத்தைத் தனி வங்கிக் கணக்குல போடுங்க, வீட்டுச் செலவுக்கு அந்த அட்டையைத் தொடக்கூடாது. தை மாசம் நல்ல பாடு வரும்போது கையில பணம் புழங்கும், அப்பத்தான் ஒதுக்கணும், ஐப்பசியில ஒதுக்குறதுக்கு ஒன்னும் இருக்காது.

ரெண்டு வருஷம் தொடர்ந்து போட்டுப் பங்கு போட்டுச் செலவைத் தொடலன்னா, இல்ல புது வலைக்கு வீட்டு நகையை ரெண்டாவது தடவை வைக்க வேண்டி வந்துச்சுன்னா வித்துடுங்க. முன்பணம் வாங்குன ஆளுங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அடுத்த போட்டுக்காரர் அதை ஏத்துக்கிட்டு அவங்களைக் கூப்பிட்டுக்குவாரு, திடீர்னு வித்தா அந்தப் பணமும் போகும், உறவும் போகும்.

விக்கிறதுக்கு ஆவணி புரட்டாசிதான் சரியான நேரம், கோடியக்கரை சீசனுக்குப் போட்டு தேடுறவங்க அப்பத்தான் வருவாங்க. மார்ச்சுல விக்கப் போனா சீசன் முடிஞ்ச போட்டுன்னு அடிமாட்டு விலைதான் கேப்பாங்க. பணம் வாங்குன அன்னைக்கே பேர் மாத்த எழுதிக் குடுங்க, மீன்வளத்துறையில பேர் மாறின பேப்பர் கையில வர்ற வரைக்கும் சாவியைக் குடுக்காதீங்க, எங்க கரையில பைபர் போட்டுல கஞ்சா பிடிபடுற சேதி அடிக்கடி வருது, அப்ப போலீஸ் தேடி வர்றது பதிவுல யார் பேர் இருக்கோ அவங்க வீட்டுக்குத்தான்.